நாற்பத்தொரு வட்டங்கள்

ஐந்து மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். குளித்தான். முந்தைய நாள் துவைத்த சட்டை கொடியில் கிடந்தது. அதையே எடுத்து மாட்டிக்கொண்டான். டீ போட்டு, அடுப்பின் பக்கத்தில் நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். சைக்கிளை எடுத்தான்.

வானிலை நிலையம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஒரு மேசை, கம்பிவேலிக்குள் கொஞ்சம் புல்தரை. புல்லின் நடுவே நான்கு கால்களில் ஒரு வெள்ளை மரப்பெட்டி. பக்கமெல்லாம் சாய்வான பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே வெப்பமானிகள். பெட்டியைத் திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். முதலில் தசமம், பிறகு முழு எண். பக்கத்தில் ஆள் நிற்கிற சூட்டுக்கே தசமம் நகர்ந்துவிடும். ஆறு வருடமாக இதுதான் வேலை. மூச்சு விடாமல் இருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

அன்று திங்கட்கிழமை. துணி மாற்றும் நாள். இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித்துணி சுற்றியிருக்கும். அதிலிருந்து ஒரு நூல் இறங்கி, கீழே இருக்கும் தண்ணீர்ப் புட்டிக்குள் போகும். துணி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஈரம் காயக் காயக் குமிழ் குளிரும். வியர்வை காய்ந்தால் உடம்பு குளிர்கிற மாதிரி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது, குமிழும் குளிராது. வியர்க்கிற உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆறும் என்று அந்த ஈர வெப்பமானி சொல்லிவிடும்.

தகர டப்பாவைத் திறந்து ஒரு துண்டுத் துணி எடுத்தான். போன வருடம் அவன் மனைவி கஞ்சி போகக் கொதிக்கவைத்து, அளவாக வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தவை. டப்பாவில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவதை அவன் நிறுத்தியிருந்தான்.

ஒன்பது மணிக்கு அத்தை போன் செய்தார். திங்கட்கிழமைதோறும் செய்வார்.

"சாப்பிட்டீங்களா மாப்ள?"

"சாப்பிட்டேன் அத்தை."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ சாப்பிட்டேன்."

"ஏதோன்னு ஒரு சாப்பாடு எந்தக் கடையில விக்கிறாங்க?"

பிறகு வழக்கமான கேள்வி வந்தது. "அன்னைக்குக் காலையில அவ கிளம்பும்போது… கடைசியா என்ன சொன்னா?"

"சாப்பாடு டப்பால இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு சொன்னா."

"அப்படித்தான் சொல்லியிருப்பா. எம்பொண்ணு இல்ல?"

போனை வைத்துவிட்டு எட்டரை மணிப் பதிவை இன்னொரு தாளில் படியெடுத்தான்.

அவள் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஊரில் உள்ள மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் ஒன்று உண்டு. அவள் அங்கே மடிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். போன கோடையில் ஒரு மத்தியானம், இரண்டரை மணிக்கு, மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கு எழுப்பியபோது எழவில்லை.

மருத்துவமனைத் தாளில் 'இதயம் நின்றது' என்று எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் நிற்பது அதுதான்.

வெப்பம் என்று எழுதுவதற்கு வழியில்லை. நாற்பது டிகிரி தொட்டால்தான் அந்த நாள் வெப்ப நாள்; வெளிவேலைகளை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வரும். அன்று அதிகபட்சம் முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. பதிவேட்டில் அந்த எண் அவன் கையெழுத்தில்தான் இருக்கிறது.

*

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் ரோலர் அக்கா உட்கார்ந்திருந்தார். சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தை இருபது வருடமாக ஓட்டுபவர். அந்தப் பேரை அவருக்கு வைத்தவள் அவன் மனைவி. இவனுக்கு 'டிகிரி' என்று பேர் வைத்தவர் ரோலர் அக்கா. அந்த விஷயத்தில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

"என்ன டிகிரித் தம்பி, வீட்டை இப்படிப் பூட்டிப் பூட்டி வச்சா உள்ள காத்து எப்படி வரும்?"

"வாங்க அக்கா. ரொம்ப நேரமாச்சா வந்து?"

"எனக்கென்ன, வாசப்படி குளுகுளுன்னு இருந்துச்சு. எங்க கூடத்துக்கு இது மலைவாசஸ்தலம்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். நீல அட்டை, நாற்பது பக்கம். அவனுக்கு அதைத் திறக்க வேண்டிய தேவை இல்லை.

"அவ அலமாரியில இருந்துச்சு. நான்தான் பத்திரமா வச்சிருந்தேன். வியாழக்கிழமை தொழிலாளர் ஆய்வாளர் வர்றாங்க. நாங்க எழுதிப் போட்டோம். பதினாலு பேர் கையெழுத்து. மத்தியானம் பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும் உருளையை நிறுத்தணும், அந்த வேலையை விடியக்காலைக்கு மாத்தணும், காத்தை வெளிய இழுக்குற விசிறி போடணும்னு. போன வெள்ளிக்கிழமை மடிப்புல நிக்கிற சின்னப்பொண்ணு, எங்க சின்னது, மயங்கி விழுந்துச்சு. இன்னும் கோடையே முழுசா வரல."

"சரி."

"சரியாம்ல. ஆதாரம் கேக்குறாங்க தம்பி. ஆதாரம் இந்த நோட்டுதான். அவ தினமும் ரெண்டு மணிக்கு எழுதி வச்சது. மேனேஜர் இதைப் புரட்டிப் பார்த்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'இந்தம்மா வீட்டுக்காரரே வானிலை ஆளு. அவரே எல்லாத்தையும் சுழிச்சிருக்காரு பாருங்க'ன்னார். எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. எனக்கே."

அவன் நோட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"அந்தச் சுழி என்னன்னு சொல்லு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"சந்தேகமான அளவுன்னா வட்டம் போடுவோம் அக்கா. கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"என்ன சந்தேகம்?"

"துணி காஞ்சிருந்தா ஈர வெப்பமானி அதிகமாக் காட்டும். புதுசா அளக்குறவங்க எல்லாரும் செய்ற தப்பு. தண்ணி தீர்ந்துபோனதைக் கவனிக்க மாட்டாங்க."

ரோலர் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தான். குரல் இறங்கிப்போய் வந்தது.

"சலவைக்கூடத்துலயா துணி காஞ்சிருக்கும்? எங்க உடம்பே காயாது அங்க."

கிளம்பும்போது நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

*

நிலையத்தில் பழைய வெப்பமானிகளை மாற்றியபோது கழித்துக்கட்டிய இரண்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது போன கோடையின் தொடக்கம். "நகை கேக்குற பொண்டாட்டியா வாய்ச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? சந்தோஷப்படு," என்றாள். சலவைக்கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். ஒன்றுக்குத் துணி சுற்றினாள். சனிக்கிழமை இரவு நோட்டை அவன் முன்னால் வைப்பாள், வீட்டுப்பாடம் காட்டுகிற பிள்ளை மாதிரி.

அவன் பழகிய ஈர அளவு இருபத்தைந்து, இருபத்தாறு. மழைக்காலத்தில் இருபத்தெட்டு. அவள் நோட்டில் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று இருந்தது. ஆறு வருடப் பதிவில் அப்படி ஓர் எண்ணை அவன் எழுதியதில்லை. அவனுக்கு முன்னால் இருந்தவர்களின் ஏடுகளிலும் கிடையாது. சிவப்புப் பென்சிலை எடுத்து வட்டம் போட்டான்.

"இது என்ன?"

"சந்தேகம்."

"என் மேலயா?"

"அளவு மேல."

"அப்பாடா, குடும்பம் தப்பிச்சுது," என்று சிரித்தாள்.

இன்னொரு சனிக்கிழமை கேட்டாள். "உலகம் ஒண்ணேகால் டிகிரி, ஒண்ணரை டிகிரி கூடிடுச்சுன்னு சொல்றியே, அந்த ஒண்ணரை எங்க இருக்கு? நான் பார்க்கணும்."

அது உலகம் முழுவதற்குமான சராசரி, கடல், பனி, பாலைவனம் எல்லாம் சேர்த்து எடுப்பது என்று விளக்கினான். காற்று சூடாகச் சூடாகக் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்றான். வரைபடம்கூடப் போட்டுக் காட்டினான். கல்லூரியில் படித்ததெல்லாம் தடையில்லாமல் வந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"சராசரியில யாரும் வேலை பார்க்கலையே," என்றாள். "ஜன்னலைத் திறந்தா தூசி விழுதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க விரிப்பைத் திருப்பி அனுப்புறாங்க. மூடினா நீராவி. மேல தகரம். கொதிக்கிற தொட்டி நாலு. இதெல்லாம் உன் வெள்ளைப் பெட்டிக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியக் கூடாது. பக்கத்துல கட்டடமே இருக்கக் கூடாதுன்னு விதி. அப்பதான் ஊரோட வெப்பம் தெரியும்."

"அப்போ ஊர்ல நாங்க இல்லையா?"

அதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது. சொன்னான்.

இப்போது நோட்டைத் திறந்து வட்டங்களை எண்ணினான். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் சுத்தமாக, ஒரே அளவில், எண்ணைத் தொடாமல் இருந்தது. நல்ல கை அவனுக்கு. துணி காய்ந்திருந்தால் அவள் இறந்தது ஒரு நோயால். இதயம் என்று தாளில் எழுதியிருப்பது போதும். துணி ஈரமாக இருந்திருந்தால், அவள் நாற்பத்தொரு முறை அவனிடம் வந்து சொல்லியிருக்கிறாள். பத்து மாதமாக அவன், துணி காய்ந்திருந்தது என்ற முதல் வாக்கியத்தோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். கிடந்து புரண்டான். விடிந்தது. குளித்தான். டீ குடித்தான். போய் மூச்சைப் பிடித்தான்.

*

புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனான். பையில் நிலையத்தின் சுழற்று வெப்பமானி. மரச்சட்டத்தில் காய்ந்தது ஒன்றும் ஈரமானது ஒன்றும் பொருத்தி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். காற்று ஓடாத இடங்களில் சரியாக அளக்க அதுதான் கருவி.

மேனேஜர் வாசலுக்கே வந்தார். வழுக்கைத் தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தார்.

"வாங்க சார். உங்களைப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருக்கு. நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. ஒரு நாளைக்கு மூவாயிரம் விரிப்பு. வெயில் ஏற ஏற நோயாளிங்களுக்கும் வியர்க்குது, ரெண்டு தடவை மாத்துறாங்க. நான் எங்க போய் நிறுத்துறது?"

"ஒரு அளவு எடுத்துக்கறேன்."

"எடுங்க, எடுங்க. நீங்க சொன்னா சரி. நீங்கதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே."

உள்ளே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்தான். மறுபடியும் படிந்தது. கழற்றிப் பையில் போட்டான். தொட்டிகளின் இரைச்சல். உருளையின் வாயில் ஈர விரிப்பு நுழைந்து, மறுபக்கம் புகைந்துகொண்டு வந்தது. மடிப்பு மேசையில் நான்கு பெண்கள். அவள் இருந்த இடத்தில் சின்னது நின்றிருந்தது. இருபது வயது இருக்கும், கன்னமெல்லாம் சிவந்து.

இவ்வளவு நாளில் அவன் இந்தக் கதவுக்கு உள்ளே வந்ததே இல்லை. மழை நாளில் அவளை அழைத்துப்போக வந்தால்கூட வாசலோடு சரி.

இரண்டு மணி. புதுத் துணி சுற்றி, நனைத்து, கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினான். கரகரவென்று சத்தம் வந்தது.

"அய்யோ, பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுற மாதிரி ஆட்டுறாரே!" என்றார் ரோலர் அக்கா.

"பாப்பா நீதானேக்கா," என்றது சின்னது.

"ஆமாண்டி, எண்பது கிலோப் பாப்பா. தூக்கி வச்சுக்கோ."

சிரித்தார்கள். சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியது. அங்கே சிரிப்பதற்கும் மூச்சு தேவையாக இருந்தது.

நிறுத்தினான். மூச்சைப் பிடித்தான். தசமம் ஒன்று. முழு எண் முப்பத்துமூன்று.

துணியைக் கழற்றிவிட்டு வேறொன்று சுற்றினான். நனைத்தான். சுழற்றினான். முப்பத்துமூன்று புள்ளி பூஜ்யம். கதவோரம் போய் நின்று சுழற்றினான். முப்பத்திரண்டு புள்ளி எட்டு. மூன்று முறையும் துணியைத் தொட்டுப் பார்த்தான். விரலில் தண்ணீர் ஒட்டியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் வந்து பதினைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அவள் ஒன்பது மணி நேரம் நிற்பாள்.

மடிப்பு மேசைக்குப் பின்னால், சுவரில், அந்தப் பழைய இரண்டு வெப்பமானிகளும் மாட்டியபடியே இருந்தன. கீழே இருமல் மருந்துப் புட்டி. கழுத்துவரை தண்ணீர். அதில் நூல்.

"யார் இதுக்குத் தண்ணி ஊத்துறது?"

"நான்தான்," என்றார் ரோலர் அக்கா. "அவ சொல்லிவச்சிருந்தா. ஒரு நாள் மறந்தாலும் என் வீட்டுக்காரர் நம்ப மாட்டார்னு. அதான் விடல."

கிட்டப் போய்ப் படித்தான். முப்பத்துமூன்று புள்ளி ஆறு. காற்றோட்டம் இல்லாமல் மாட்டியிருப்பதால் அரை டிகிரி கூட்டிக் காட்டியது. அவள் செய்த பிழை மொத்தமே அந்த அரை டிகிரிதான். அந்தத் துணியையும் தொட்டான்.

ரோலர் அக்கா உருளையை விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

*

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, கறுப்புக் கைப்பை, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் பெண்மணி. நோட்டைப் புரட்டினார்.

"இந்த வட்டமெல்லாம் உங்களோடதா?"

"ஆமா மேடம்."

"அப்படின்னா இதை நான் எடுத்துக்க முடியாது. அளவு தெரிஞ்ச ஆள் நீங்களே தள்ளுபடி பண்ணியிருக்கீங்க."

"நான் போட்டது தப்பு."

மேனேஜர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாயால சொன்னா ஆகாது. எழுத்துல வேணும். உங்க அலுவலகத்துல ஏதும் பிரச்சினை வருமா?"

"வெளி அளவுக்குச் சான்று குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. வந்தா பார்த்துக்கறேன்."

ஆய்வாளர் அழிப்பான் இருக்கிறதா என்று மேசையில் தேடினார். அவன் தடுத்தான். பதிவில் எதையும் அழிக்கக் கூடாது. பிழை தெரியும்படி ஒற்றைக்கோட்டால் அடித்து, பக்கத்தில் திருத்தியவர் பெயரெழுத்தும் தேதியும் போட வேண்டும். பேனாவை எடுத்தான். முதல் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. பெயரெழுத்து. தேதி. இரண்டாவது. மூன்றாவது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நாற்பத்தொன்று முடிய அரைமணி நேரம் ஆனது. கடைசிப் பக்கத்தில் நேற்று எடுத்த மூன்று அளவுகளையும், சுவர் வெப்பமானி அரை டிகிரி கூட்டிக் காட்டுவதையும், அதைக் கழித்தாலும் அத்தனை நாளும் வேலை நிறுத்தியிருக்க வேண்டிய நாட்களே என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஆய்வாளர் படித்துப் பார்த்தார். "எதை வச்சு அப்போ சந்தேகப்பட்டீங்க?"

"இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்ல."

"பார்த்ததில்லைன்னா இல்லாம போயிடுமா?"

அவன் பேனாவை மூடினான். ஆய்வாளர் நோட்டை மூடிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். நாளையிலிருந்து பன்னிரண்டு முதல் நான்கு வரை உருளையும் தொட்டியும் ஓடக்கூடாது. விசிறிக்கு ஒரு மாதக் கெடு. சுவரிலுள்ள ஈர வெப்பமானி முப்பதைத் தாண்டினால் மணிக்கொரு முறை இருபது நிமிடம் வெளியே. தினமும் அளவெழுத ஓர் ஆள். "யாரு எழுதுவீங்க?" என்று கேட்டதும் சின்னது கையைத் தூக்கியது. இது இந்த ஒரு கூடத்துக்குத்தான் என்பதையும் சொன்னார். மற்ற இடங்களுக்கு நாற்பது டிகிரி விதி அப்படியேதான் இருக்கும். மாற்றச் சொல்லி இந்த நோட்டின் நகலை மேலே அனுப்புவார், அவ்வளவுதான் அவரால் முடியும்.

வாசலில் ரோலர் அக்கா அவன் தோளில் ஓர் அடி வைத்தார். "பிழைச்சுக்குவ டிகிரி. போய்ச் சாப்பிடு."

வீட்டுக்கு வந்தான். பூட்டைத் திறந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னலைத் திறக்கலாம் என்று தோன்றியது, எழுந்து திறந்தான். மறுபடியும் உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்தான். திங்கட்கிழமை இல்லாத ஒரு நாளில் அவனாக அத்தையைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"என்னாச்சு மாப்ள? உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஒண்ணு சொல்லணும். அவ அன்னைக்கு நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லல. அது நானாச் சொன்னது."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப என்ன சொன்னா?"

சொன்னான். காலை ஏழு மணி. நோட்டு மேசையில் இருந்தது. சனிக்கிழமை இரவு விட்டுப்போன கடைசி அளவுக்கு அவன் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்றாவது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, நோட்டுக்காகக் கதவருகில் நின்றிருந்தாள். துணி காஞ்சிருக்கும் என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல். உங்க முன்னால மட்டும்தான் அத்தை அவ என்னை நீங்க வாங்கன்னு கூப்பிடுவா, வீட்டுல நீதான், என்றும் சொன்னான். அத்தை தெரியும் என்றார். அவளுக்குக் கோபம் இல்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரம்தான் குரலில் இருந்தது. கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"ஈரமாத்தான் இருந்துச்சு. நம்பலைன்னா ஒரு நாள் நீயே வந்து தொட்டுப் பாரு."